தங்க முக்கோணங்கள்

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்ததிலிருந்து அம்மா அவருடைய தயிர்சாதத்தில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். அதற்காக வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. அப்பா சண்டை போடுகிறவர் இல்லை. கல்லூரி வாசலில் இருந்த கிரானா கடையில் ஒரு பாக்கெட் உப்பு வாங்கிப் போய், கல்லூரியில் தன் அறையில் வைத்துக்கொண்டார். அம்மா எப்போதாவது அங்கே வருவாள், வந்தால் மேஜை இழுப்பறை வரைக்கும் திறந்து பார்ப்பாள். அதனால் உப்பை ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் கொட்டி, சோடியம் குளோரைடு என்று ஆங்கிலத்தில் சீட்டு எழுதி ஒட்டி, மற்ற ரசாயனக் குப்பிகளோடு பீரோவில் நிறுத்திவிட்டார். சீட்டில் பொய் எதுவும் இல்லை. சமையல் உப்பும் சோடியம் குளோரைடுதான்.

அவருடைய ஒரே பெரிய கண்டுபிடிப்பும், அதனால் வந்த கஷ்டங்களும் அந்தக் குப்பியிலிருந்து வந்தவை. எங்களுக்கு இது தெரியப் பல வருடங்கள் ஆயின. படிப்பவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

அப்பாவின் பெயர் சந்திரமௌலி. புனேயில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதிப் பொறியியல் பேராசிரியராக இருந்தார். கும்பகோணத்திலிருந்து படிப்புக்காக பம்பாய்க்கு வந்தவர், வேலைக்காக இங்கே வந்து, ஔந்தில் ஒரு ஃபிளாட் வாங்கித் தங்கிவிட்டார். வீட்டில் தமிழ். வாசலைத் தாண்டினால் இந்தி, மராத்தி. வகுப்பில் ஆங்கிலம். எல்லா மொழியிலும் அவர் குறைவாகத்தான் பேசினார்.

முதல் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் அவர் ஆராய்ச்சி செய்தது கலக்குவதைப் பற்றி. பெரிய தொட்டியில் இரண்டு திரவங்களை எந்த வேகத்தில், எந்தப் பக்கத்திலிருந்து விட்டால் விளையும் படிகங்கள் ஒரே அளவில் இருக்கும் என்று பார்ப்பது. மருந்து ஆலைக்காரர்கள் அதற்காக அவரைத் தேடி வந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில், அந்தப் படிகங்களை இன்னும் இன்னும் சிறியதாக்கினால் என்ன ஆகும் என்ற யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. நானோ என்ற சொல் அப்போது செய்தித்தாள்களுக்கு அவ்வளவாக வந்திருக்கவில்லை. தங்க உப்பைத் தண்ணீரில் கரைத்து வைட்டமின் சி சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் உண்டாகும். அந்த அளவுக்குச் சிறுத்த தங்கம் மஞ்சளாக இருக்காது, கோகம் சர்பத் போலச் சிவந்துவிடும். முதல் தடவை அந்தச் சிவப்பு வந்த அன்று அப்பா ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது தங்கமாம். ஒரு மூக்குத்திக்குத் தேறுமான்னு கேளுடி வைஷு, உங்கப்பாவை."

"மூக்குத்தியோட திருகாணிக்குக்கூடத் தேறாது பாமா," என்றார் அப்பா. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கல்லூரியில் யாரும் அப்படிச் சந்தோஷப்படவில்லை. துறைத் தலைவர் கோவிந்தராஜன் அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். நேரத்துக்குத் தகுந்தபடி கேலி செய்வார், நேரத்துக்குத் தகுந்தபடி கையெழுத்தும் போடுவார். "மௌலி, கண்ணுக்குத் தெரியாததை வெச்சுண்டு ஆராய்ச்சி பண்றே. உன் சம்பளத்தையும் அதே சைஸ்ல குடுக்கச் சொல்லட்டுமா?" என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே ஒருமுறை கேட்டார். அப்பா சிரித்தார். எலெக்ட்ரான் நுண்ணோக்கி கல்லூரியில் கிடையாது. ஊரின் இன்னொரு பக்கம் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்தது. அங்கே வாரத்தில் ஒரு காலைப் பொழுது கெஞ்சி வாங்கிக்கொண்டு, மாதிரிகளை ஸ்கூட்டரில் எடுத்துப் போவார்.

சுஷ்மா அவருடைய ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தது அப்போதுதான். புனேயிலேயே விஷ்ராந்த்வாடியில் வளர்ந்தவள், பூர்வீகம் வேலூர்ப் பக்கம், அவள் அப்பா ராணுவக் கிடங்கில் குமாஸ்தா. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. இரண்டு பஸ் மாறி வந்தும் மற்றவர்களுக்கு முன்னால் ஆய்வகத்தில் இருப்பாள். நேரமாகிவிட்டால் அப்பா அவளை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வருவார்.

"ஆன்ட்டி, ரசம் ஏக்தம் மஸ்த்," என்பாள்.

"மஸ்துன்னா போட்டுக்கோ. வெறும் வாயால சொல்லிண்டிருந்தா எப்படி?" என்று அம்மா இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

துகள்களோடு உப்பு சேர்த்தால் அவற்றின் வடிவம் மாறுமா என்பது சுஷ்மாவின் ஆய்வு. உருண்டையாக இல்லாமல் வேறு வடிவம் கிடைத்தால் தங்கம் வேறு விதமாக வேலை செய்யும். வெயிலின் சூட்டை உள்ளே விடாத கண்ணாடி செய்யலாம் என்று அப்பா சொல்வார். ஒரு வருடத்துக்கு மேல் எந்த உப்பு சேர்த்தும் உருண்டைதான் வந்தது. அந்த வருடம் மழைக்காலம் தொடங்கும்போது ஆய்வகத்தில் இருந்த சுத்த உப்பு தீர்ந்துபோயிற்று. ஸ்டோரில் எழுதிக் கேட்டால் வருவதற்கு மாதக்கணக்காகும். விலை உயர்ந்த ரசாயனங்களை அப்பா தன் பீரோவில் வைத்திருப்பார், மாணவர்கள் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் வைத்த வழக்கம். சுஷ்மா பீரோவைத் திறந்தாள். சோடியம் குளோரைடு என்று சாருடைய கையெழுத்திலேயே எழுதிய குப்பி இருந்தது.

தன் உப்பு வேகமாகத் தீர்வதை அப்பா கவனித்தார். பியூன் கொய்யாப்பழத்துக்குத் தொட்டுக்கொள்ள எடுத்துப் போகிறார் என்று நினைத்தார். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, இன்னொரு பாக்கெட் வாங்கி நிரப்பிவைத்தார்.

அந்த மழைக்காலத்தில்தான் கரைசல் சிவப்பாக வராமல் நாவல்பழச் சாறு போல ஊதாவாக வந்தது. இரண்டு பேரும் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே நுண்ணோக்கிக்குப் போனார்கள். மாதிரி நனையாமல் இருக்க என் பள்ளிக்கூட டிபன் டப்பாவில் வைத்து எடுத்துப் போனார்கள். திரையில் முக்கோணங்கள் தெரிந்தன. கணக்குப் பெட்டியில் இருக்கும் மூலைமட்டம் போலத் தட்டையாக, கூரான முனைகளோடு, எங்கே பார்த்தாலும் முக்கோணங்கள். அங்கே இருந்த ஆபரேட்டர் தன் தேநீரை விட்டுவிட்டு வந்து பார்த்தாராம்.

சுஷ்மா அதைத் திரும்பத் திரும்பச் செய்தாள். ஒவ்வொரு தடவையும் வந்தது. குளோரைடு துகளின் ஒரு முகத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது, அதனால் துகள் அந்தப் பக்கம் வளராமல் தட்டையாகிறது என்று அப்பா ஒரு விளக்கம் எழுதினார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்தது. முதல் பெயர் சுஷ்மாவுடையது, இரண்டாவது அப்பாவுடையது. கோவிந்தராஜன் துறை முழுவதற்கும் பாகர்வடி வாங்கிக் கொடுத்தார். சுஷ்மா டாக்டர் பட்டம் வாங்கி, அந்தக் கட்டுரையின் பலத்தில் அமெரிக்கா போனாள். விமான நிலையத்தில் அவள் அப்பா என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அவள் போன பிறகு முக்கோணம் வரவில்லை.

அடுத்து சேர்ந்த ஜெயந்த் என்ற மாணவன் கட்டுரையில் எழுதியிருந்தபடியே எல்லாவற்றையும் செய்தான். ஆய்வகத்தில் இப்போது சுத்த உப்பு தாராளமாக இருந்தது. சிவப்புதான் வந்தது. முதலில் அப்பா அவனைச் சந்தேகப்பட்டார். பிறகு தண்ணீரைச் சந்தேகப்பட்டார், கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவும் அமிலத்தைச் சந்தேகப்பட்டார். மழைக்காலத்தில் மட்டும் வருமோ என்று மழைக்காலத்துக்காகக் காத்திருந்தார். தானே ஆய்வகக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். அவர் கையிலும் சிவப்புதான் வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒவ்வொருவராக எழுதிக் கேட்க ஆரம்பித்தார்கள். உங்கள் முறைப்படி செய்தோம், கிடைக்கவில்லை, தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதினார். சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

ஜெயந்த் இரண்டாவது வருட முடிவில் பாணேரில் புதிதாகத் திறந்த ஒரு மென்பொருள் கம்பெனிக்குப் போய்விட்டான். போகும்போது அப்பாவின் காலைத் தொட்டு வணங்கினான். அது அப்பாவை மிகவும் சங்கடப்படுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராஜன் வீட்டுக்கு வந்து, காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தார். "நான் தப்பாச் சொல்லலை மௌலி. அந்தப் பொண்ணு பட்டத்துக்கு ரொம்ப அவசரமா இருந்தா. படம் எங்கேர்ந்தாவது..."

"படத்தை நான் கண்ணால பாத்தேன்."

"பாத்தே. மாதிரியைத் தயார் பண்ணினது யாரு? நீயா?"

அப்பா காப்பி டம்ளர்களை எடுத்து உள்ளே வைத்தார். கோவிந்தராஜன் போன பிறகு அம்மா சொன்னாள், "சுஷ்மாகிட்ட நேராக் கேட்டுடுங்களேன். ஏன் மனசுலயே வெச்சுண்டு மருகிண்டிருக்கேள்?"

"என்னன்னு கேக்கறது? நீ பொய் சொன்னியான்னா? அப்படிக் கேட்டுட்டா அப்புறம் அவ என்ன பதில் சொன்னாலும் கேட்டது கேட்டதுதான்."

அவர் கேட்கவில்லை. பல வருடங்கள் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் பதவி உயர்வு பெற்றார்கள். நானோ என்பது எல்லோருடைய வாயிலும் வர ஆரம்பித்து, அரசாங்கம் அதற்குப் பணம் ஒதுக்கியபோது, கல்லூரியில் அதற்காக அமைத்த குழுவில் அப்பாவைச் சேர்க்கவில்லை. அவர் தினமும் தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு போனார், குப்பியிலிருந்து ஒரு சிட்டிகை போட்டுச் சாப்பிட்டார், மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டு சிவப்புக் கரைசல் செய்தார்.

இரண்டாயிரத்து நாலாம் வருட டிசம்பரில் சுஷ்மா விடுமுறைக்கு வந்தாள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டிருந்தாள். அப்பா கண்ணாடி டம்ளரில் மோரை வைத்துக்கொண்டு உப்பு ஜாடிக்குக் கை நீட்டினார். அம்மா ஜாடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"இவர் கதை தெரியுமோ சுஷ்மா? போன வாரம் காலேஜ் வாசல் கிரானா கடைக்காரன் என்னைப் பாத்துட்டு, 'சாஹேப் ஹர் மஹினே நமக் லேதே ஹை'ங்கறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. வருஷக்கணக்கா எனக்குத் தெரியாம உப்பு வாங்கி ஒளிச்சு வெச்சுண்டிருக்கார்."

"ஒளிக்கலை," என்றார் அப்பா. மாட்டிக்கொண்டதில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பீரோல எல்லார் கண்ணுக்கும் படற மாதிரிதான் வெச்சிருக்கேன். சோடியம் குளோரைடுன்னு பேர் எழுதி, பாட்டில்ல. நீ ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போயிருக்கே."

நானும் அம்மாவும் சிரித்தோம். சுஷ்மா சிரிக்கவில்லை.

"எந்த பாட்டில் சார்?" என்றாள்.

"பழுப்பு பாட்டில். மேல் தட்டுல."

"சார்... அது கிச்சன் உப்பா?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் அதைத்தான் யூஸ் பண்ணினேன் சார். லேப்ல காலி ஆயிடுச்சுல்ல, அந்த பாரிஷ் சீசன், மழைக்காலம் பூரா. உங்க பீரோல இருக்குன்னு... பியூர்னு நெனச்சேன்."

சாப்பாடு பாதியில் நின்றது. அம்மா, "கையையாவது அலம்பிண்டு போங்கோ," என்று கத்திக்கொண்டே இருந்தாள். சுஷ்மா வந்திருந்த வாடகைக் காரிலேயே அப்பா, அவள், நான் மூவரும் கல்லூரிக்குப் போனோம். எங்கள் வீட்டு உப்பு ஜாடி என் மடியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையாதலால் ஆய்வகத்தில் யாரும் இல்லை. சுவரில் அப்பாவே எழுதி மாட்டியிருந்த பலகை இருந்தது: ஆய்வகத்துக்குள் உணவுப் பொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது. சுஷ்மா அளந்து கொடுத்தாள், அப்பா கலந்தார். வெகுநாள் சேர்ந்து வேலை செய்தவர்கள் போல ஒருவரை ஒருவர் கேட்காமலே கை நீட்டிக்கொண்டார்கள். கரைசல் முதலில் நிறமில்லாமல் இருந்தது, பிறகு மெல்ல ஊதாவாகியது.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அயோடின்," என்றார். "பாக்கெட் உப்புல அயோடின் சேக்கறா. தைராய்டுக்கு. துளியூண்டு. நாம உப்பை அள்ளி அள்ளிப் போட்டோம், அதுவும் கூடவே போயிருக்கு. குளோரைடு இல்லை சுஷ்மா. ஆரம்பத்துலேர்ந்தே குளோரைடு இல்லை." ஏதோ யோசித்துவிட்டு, "நீ பொய் சொல்லலை," என்றார்.

சுஷ்மா அவரைப் பார்த்தாள். இத்தனை வருடமும் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

அவர் உடனே எழுத வேண்டும் என்றார். உலகத்தில் இன்னும் யாருக்கும் இது தெரியாது. பழைய கட்டுரையில் விளக்கம் தவறு, காரணம் அயோடின் என்று சொல்லிவிட்டால், எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அவர் பேசிக்கொண்டே போனார். சுஷ்மா பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாடிப்படி இறங்கும்போதுதான் நின்றாள்.

"சார், இதை இப்போ எழுதாதீங்க."

"ஏம்மா?"

"அடுத்த வருஷம் என்னோட வேலை பர்மனன்ட் ஆகணும். கமிட்டி பார்க்கும். என் ஃபைல்ல மொதல் பேப்பர் இதுதான் சார். குளோரைடுன்னு சொல்லி இதுக்கு மேல இன்னும் மூணு நாலு பேப்பர் போட்டிருக்கேன். கிச்சன் உப்பைப் போட்டுட்டு தியரி எழுதினேன்னு தெரிஞ்சா... லோக் ஹஸேங்கே சார், எல்லாரும் சிரிப்பாங்க."

"உப்பை அந்த பாட்டில்ல கொட்டினது நான். தப்பு என்னோடதுன்னே எழுதறேன்."

"மொதல் பேரு என்னோடது. எந்த உப்புன்னு பாக்காம போட்டது நான். வேலை போனா வீசாவும் போயிடும். ஒரு வருஷம் சார். ஒரே வருஷம். அப்புறம் நீங்க என்ன எழுதினாலும் நான் கையெழுத்துப் போடறேன்."

அப்பா கைப்பிடிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பலகையை மாட்டியவரே உப்பைக் கொண்டுவந்து வைத்தவர் என்பதும் அவருக்கு உறுத்தியிருக்கும். "ஒரு வருஷம்தானே," என்றார். "இத்தனை வருஷம் போயாச்சு."

அந்த வருடம் முழுவதும் அவர் தனியாக வேலை செய்தார். சுத்த உப்பில் துளித்துளியாக அயோடின் சேர்த்து, எந்த அளவில் முக்கோணம் தொடங்குகிறது, எந்த அளவில் கெடுகிறது என்று பார்த்தார். நான் அதற்குள் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். சனிக்கிழமைகளில் கட்டுரையைக் கணினியில் தட்டிக் கொடுத்தேன். படிக்க நன்றாக இருந்தது. எனக்கே புரிந்தது. அதில் அவர், பழைய உப்பு எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் ஒரு வாக்கியத்தில் எழுதியிருந்தார்.

வருட முடிவில் சுஷ்மா ஃபோன் செய்தாள். கமிட்டி தள்ளிப்போய்விட்டது, தனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, இன்னும் ஒரு செமஸ்டர் பொறுக்க முடியுமா என்று கேட்டாள். அப்பா, "உடம்பைப் பாத்துக்கோ," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அவளுக்கு வேலை, வீசா, இப்போ குழந்தை. ஒவ்வொண்ணா வந்துண்டேதான் இருக்கும். உங்களுக்கு என்ன வரப்போறது?"

"என் வேலை ஏற்கெனவே பர்மனன்ட்தானே பாமா."

"இதுக்கெல்லாம் ஜோக்கா?"

அடுத்த கோடையில் ஒரு நாள் காலை, அப்பா வீட்டுக் கணினியின் முன்னால் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஏதோ தூர தேசத்துக் குழு ஒன்று எழுதிய கட்டுரை திரையில் இருந்தது. தங்க முக்கோணங்களுக்குக் காரணம் துளி அளவு அயோடின். அப்பா எழுதிவைத்திருந்த அளவுகளேதான் ஏறக்குறைய. கடைசிப் பகுதியில், புனேயிலிருந்து முன்பு வந்த கட்டுரையை யாராலும் திரும்பச் செய்ய முடியாததற்கு அசுத்தமான ரசாயனம் காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"நன்னாப் பண்ணியிருக்கா," என்றார் அப்பா. "என்னைவிட ஒரு படி மேலயே போயிருக்கா."

"இப்பவாவது அனுப்புங்கோப்பா," என்றேன்.

அனுப்பினார். ஏற்கெனவே தெரிந்த விஷயம், புதிதாக எதுவும் இல்லை என்று சீக்கிரமே பதில் வந்தது. இன்னொரு பத்திரிகையும் அதையே சொன்னது. மூன்றாவதாக ஒன்றுக்கு அவர் அனுப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து சுஷ்மாவின் வேலை நிரந்தரமாயிற்று. ஃபோனில் அழுதாள். அப்பா அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில் பாத்திரங்களை இருக்க வேண்டியதைவிடச் சத்தமாக அடுக்கினாள்.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் அப்பாவின் கல்லூரியிலேயே நானோப் பொருட்களைப் பற்றி ஒரு மாநாடு நடந்தது. அப்பா அதில் பேசவில்லை, கேட்கத்தான் போனார். அவர் ஸ்கூட்டர் ஓட்டுவதை அம்மா நிறுத்திவிட்டதால், அழைத்து வருவதற்காக நான் போயிருந்தேன். சீக்கிரமே போய்விட்டதால் அரங்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடையில் அந்த அமர்வின் தலைவராக சுஷ்மா இருந்தாள். அமெரிக்காவிலிருந்து அவளை அழைத்திருந்தார்கள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள். எங்களைப் பார்த்துக் கையசைத்தாள்.

பேசியவன் வேறு ஊரிலிருந்து வந்த ஓர் இளைஞன். நன்றாகவே பேசினான். நடுவில் அப்பாவின் பழைய கட்டுரையைத் திரையில் போட்டான். ஆங்கிலத்தில் சொன்னான்: இது இந்த ஊரிலிருந்தே வந்த வேலை, யாராலும் திரும்பச் செய்ய முடியவில்லை, நாம் எல்லோரும் பாடம் கற்க வேண்டிய உதாரணம். பிறகு சிரித்துக்கொண்டே, "யாருடைய டிபன் டப்பாவாவது பாத்திரத்துக்குள் விழுந்துவிட்டதோ என்னவோ," என்றான். அரங்கு முழுவதும் சிரித்தது. கட்டுரையின் முதல் பெயர் மேடையில் உட்கார்ந்திருப்பவருடையது என்பதை அவன் கவனிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் பெயர் மாறியிருந்தது. சுஷ்மா தன் முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி நேரத்தில் அப்பா கை தூக்கினார். யாரோ மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"அந்தச் சந்திரமௌலி நான்தான்," என்றார் ஆங்கிலத்தில். "நீங்கள் வேடிக்கையாகச் சொன்னது கிட்டத்தட்டச் சரி. தயிர்சாதத்துக்காக நான் வைத்திருந்த உப்பு அது. ரசாயனக் குப்பியில் கொட்டி வைத்தது என் தவறு. என் மாணவிக்கு எதுவும் தெரியாது."

சிலர் மறுபடி சிரித்தார்கள், சிலர் கை தட்டினார்கள். அந்த இளைஞன் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டான். அப்பா மைக்கைக் கொடுக்காமல் இன்னும் ஒரு நொடி பிடித்திருந்தார். மேடையைப் பார்த்தார். அடுத்த வாக்கியம் எனக்குத் தெரியும். அயோடின்தான் காரணம் என்று அந்தத் தூர தேசத்துக்காரர்களுக்கு ஒன்றரை வருடம் முன்னாலேயே அவர் கண்டுபிடித்தார் என்பது. அதை அறிந்தவர்கள் அந்த அரங்கில் மூன்று பேர் இருந்தோம்.

சுஷ்மா மேஜை மணியைத் தட்டினாள். "நன்றி, சார். நேரமாகிவிட்டதால் அடுத்த பேச்சாளரை அழைக்கிறேன்," என்றாள்.

அப்பா உட்கார்ந்துகொண்டார். தேநீர் இடைவேளையில் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். "சார், நான் அங்க..." என்று ஆரம்பித்தாள். அப்பா அவளிடம் ஒரு கோப்பையை நீட்டினார். "டீ ஆறிடப் போறது, குடி. குழந்தை நடக்க ஆரம்பிச்சுட்டானா?"

ஸ்கூட்டரில் திரும்பும்போது யுனிவர்சிட்டி சர்க்கிளில் வண்டிகள் நின்றன. நான் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டேன். "முதல்ல கண்டுபிடிச்சது நீங்கதான்னு ஏன்பா சொல்லலை?"

"எப்போன்னு எல்லாரும் கேப்பா. அப்புறம் ஏன் எழுதலைன்னு கேப்பா. அதுக்கு நான் எப்படிடி பதில் சொல்றது, அவ அங்க உக்காந்துண்டிருக்கறச்சே?"

"அவளே சொல்லியிருக்கலாமே. அவளுக்கு இனிமே என்ன ஆயிடப்போறது?"

பக்கத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"சொல்லியிருக்கலாம்," என்றார்.

அவர் அவளைப் பற்றிச் சொன்ன ஒரே குறை அதுதான். ஓய்வு பெறும் வரை அவர் மறுபடி தங்கத்தைத் தொடவில்லை. ஆய்வகத்தைப் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டாம் வருட மாணவர்களுக்குத் தொட்டியில் திரவங்களைக் கலப்பது பற்றிப் பாடம் நடத்தினார். மாணவர்கள் அவரை தஹி சாவல் சார், அதாவது தயிர்சாத சார், என்று கூப்பிட்டார்கள். எதனால் அந்தப் பெயர் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. பிரிவு உபசாரத்தில் கோவிந்தராஜன் அந்த உப்புக் கதையை நடித்துக்காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

சுஷ்மா தீபாவளிக்கு ஃபோன் செய்வதை விடவில்லை. போன தீபாவளிக்கு அம்மாதான் எடுத்தாள். நலம் விசாரித்தாள், குழந்தையைப் பற்றிக் கேட்டாள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, "சார் இருக்காங்களா ஆன்ட்டி?" என்ற குரல் எனக்கே கேட்டது.

அப்பா எதிரே நாற்காலியில் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தாள்.

"இல்லையேம்மா. வெளில போயிருக்கார்," என்றாள்.

அப்பா செய்தித்தாளை மறுபடி பிரித்து, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.